கீழைத்துறைக்குப் போன சுக்கு

காது உள்ளவர்கள் கேளுங்கள். கடை வைத்திருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து கேளுங்கள்.

கடலில் பாய்மரம் ஓடிய காலம் அது. காற்று வைத்ததுதான் நாள், காற்று வைத்ததுதான் கெடு. அந்தக் காலத்தில் மலையடிவாரத்தில் மேல்பாறை என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் திருமேனிச் செட்டி என்று ஒரு சுக்கு வியாபாரி இருந்தான்.

பிறந்தபோது அவனுக்கு ஒன்றும் கிடையாது. தலையில் கூடை தூக்கி ஊர் ஊராய் விற்றவன். அடி வாங்கினான், ஏமாந்தான், பசியோடு படுத்தான். மூன்றும் சேர்ந்து அவனுக்கு ஒரே பாடத்தைத்தான் சொல்லிக் கொடுத்தன: எவன் வாயிலும் முதலில் வரும் விலை பொய் விலை.

அந்தப் பாடத்தைப் பிடித்துக்கொண்டே அவன் மேலே ஏறினான். விலை கேட்பான், முறைப்பான், துண்டை உதறிக்கொண்டு எழுந்து நடப்பான். தெருமுனை திரும்புவதற்குள் கடைக்காரன் பின்னால் ஓடி வருவான். கேட்ட விலையை அப்படியே கொடுத்தவன் என்று திருமேனியைப் பற்றி ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. உப்பு விற்கிறவள் அவன் தலையைக் கண்டால் கூடையை மூடிக்கொள்வாள்.

கிழக்கே கடற்கரையில் கீழைத்துறை என்று ஒரு துறைமுகம். அங்கே பெரிய பண்டகசாலை ஒன்று. உள்நாட்டுச் சரக்கெல்லாம் அதில் போய் அடைந்து, அங்கிருந்துதான் கப்பல் ஏறும். வாடைக் காற்று எழுந்துவிட்டால் தெற்கே போகும் கப்பல் யாருக்காகவும் நிற்காது.

அந்தப் பண்டகசாலைக்கு ஒரு கொடிய வழக்கம் இருந்தது. கப்பலில் இடம் பிடிக்கிறவன், சரக்கு வந்து சேரும்வரை பொன்னைப் பிணையாக வைக்க வேண்டும். பொன் வைக்காதவன் தன் வீட்டு ஆளை வைக்க வேண்டும். வாடை எழுமுன் சரக்கு வந்தால் ஆள் வீடு திரும்புவான். வராவிட்டால் சரக்கின் இடத்தில் அவனை ஏற்றித் துடுப்புப் பிடிக்க உட்கார்த்திவிடுவார்கள். அப்படிப் போனவனைக் கடல் கடந்த ஏதோ ஒரு கரையில் விற்றுவிடுவதுதான் முறை.

திருமேனியிடம் பொன் இருந்தது. ஆனாலும் அவன் கணக்கு வேறு. பூட்டி வைத்த பொன் சும்மா கிடக்கும். ஆளை வைத்தால் அவனுக்குச் சோறாவது பண்டகசாலைக்காரன் போடுவான். இப்படிச் சொல்லி, மனைவி நங்கையின் தம்பி சேந்தனைக் கொண்டுபோய் வைப்பது என்று முடிவு செய்தான்.

நங்கை அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. சேந்தன்தான் சிரித்தான். கல்யாணம் ஆகாதவன், வாய் நீளம்.

"விடுக்கா. அத்தான் வீட்டுச் சோத்தைவிட அங்க கொஞ்சம் தாராளமாத்தான் போடுவாங்க" என்றான்.

சேந்தன் கீழைத்துறைக்குப் போய்ச் சேர்ந்தான். இங்கே சுக்கு காய்ந்து, கல் பொறுக்கி, மூட்டையில் கட்டப்பட்டது. நல்ல சுக்கு. ஒடித்தால் சத்தம் கேட்கும். இனி அதைக் கடற்கரைக்கு அனுப்ப வேண்டும். மேல்பாறையிலிருந்து அதற்கு மூன்று வழி உண்டு: ஆற்று வழி, வண்டி வழி, மலை வழி.

முதலில் ஆற்று ஓடக்காரி பொன்னாச்சி வந்தாள். கூலி சொன்னாள். ஆற்றில் தண்ணீர் குறைந்துகொண்டு வருவதால் ஓடத்தில் பாதிப் பாரம்தான் ஏற்றுவேன், இரண்டு ஓடம் வேண்டும் என்றாள். திருமேனி அவளை மேலும் கீழும் பார்த்தான். ஒரே ஓடத்தில் எல்லாவற்றையும் அடுக்கு, கூலியையும் ஓர் ஓடத்துக்கே வாங்கிக்கொள் என்றான்.

பொன்னாச்சி கோபப்படவில்லை. "தண்ணிகிட்ட பேசிட்டு வாங்க செட்டியாரே. அது சம்மதிச்சா எனக்கும் சம்மதம்" என்று சொல்லிவிட்டுப் படித்துறைக்கு இறங்கிப் போய்விட்டாள்.

அடுத்து வண்டிக்காரர்களின் தலைவன் மருதவன் வந்தான். பெருவழியில் சுற்றிக்கொண்டு போகிற வழி அது. கூலி அதிகம். அதற்கு மேலும் அவன் கேட்டது இரண்டு: காவலுக்கு வில்லாட்கள் வருவார்கள், உச்சி வெயிலில் மாட்டை அவிழ்த்து நிழலில் கட்டுவேன். திருமேனிக்கு ரத்தம் கொதித்தது. பகலில் மாடு படுத்துத் தூங்குவதற்கும் நானா கூலி கொடுக்க வேண்டும் என்று கத்தினான். மத்தியான ஓய்வை வெட்டு, கூலியைக் குறை, இல்லாவிட்டால் நடையைக் கட்டு என்றான்.

"மாட்டுக்கு வாய் இல்லை. அதுக்காக நான் பேசுறேன். அந்த ஓய்வு மட்டும் குறையாது" என்றான் மருதவன். நடையைக் கட்டினான். தெருமுனை திரும்பினான். திரும்பி வரவில்லை.

மூன்றாவதாகப் பொதிமாட்டுக்காரன் கூத்தாண்டி வந்தான். மலைக் கணவாய் வழியாக மாட்டு முதுகில் பொதி ஏற்றிக்கொண்டு போகிறவன். வழி குறுக்கு வழி. போனால் சீக்கிரம் போகலாம். வாசலில் நின்ற அவன் மாடுகளின் விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. வேறு யாராவது என்றால் அதைப் பார்த்துப் பயந்திருப்பார்கள். திருமேனி அதைப் பிடித்துக்கொண்டு பேரத்தைத் தொடங்கினான். இந்த எலும்புக்கூடுகளுக்கா இவ்வளவு கூலி என்று கேட்டான்.

வழித் தீவனச் செலவை வெட்டினான். கூத்தாண்டி தலையாட்டினான்.

கூட வரும் ஆட்களில் பாதிப் பேரை வெட்டினான். கூத்தாண்டி தலையாட்டினான்.

கணவாய்க்கு இந்தப் பக்கம் ஒரு நாள், அந்தப் பக்கம் ஒரு நாள் என்று இருந்த தங்கலை வெட்டினான். கூத்தாண்டி கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். பிறகு அதற்கும் தலையாட்டினான்.

அன்றைக்குத் திருமேனி இரண்டு பிடி சோறு கூடுதலாகத் தின்றான். இப்படி ஒரு பேரம் தன் வாழ்நாளிலேயே முடிந்ததில்லை என்று நங்கையிடம் சொன்னான். அவள் பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "என் தம்பி வந்து சேரட்டும்."

யாரையும் நம்பாதவன் ஆனதால் திருமேனியும் பொதியோடு கிளம்பினான். போகட்டும், தன் கண்ணால் பார்க்கட்டும் என்று விதி நினைத்தது போலும்.

கணவாய் ஏறி இறங்கியபோதே மாடுகளின் வாயில் நுரை. தீவனம் இல்லை. விடியற்காலைப் பனியில், பாதி ஆட்கள் முன்னால் நடக்க, பின்னால் பார்க்க ஆள் இல்லாமல், நாலைந்து மாடுகள் பொதியோடு ஒரு சோளக்கொல்லைக்குள் புகுந்தன. பசித்த மாடு வரப்பைப் பார்க்குமா? கொல்லைக்காரர்கள் வந்து எல்லா மாட்டையும் ஓட்டிக்கொண்டுபோய்ப் பட்டியில் அடைத்தார்கள். அழிந்த சோளத்துக்கு ஈடு கொடுத்துவிட்டு மாட்டை அவிழ்த்துக்கொள் என்றார் ஊர்த் தலைவர்.

திருமேனி அவர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மாடு தின்றது எது, மிதித்தது எது, ஏற்கெனவே கிளி தின்றது எது என்று பிரித்துப் பேசினான். அன்று பேசினான், மறுநாளும் பேசினான். கடைசியில் ஈட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தான். வெளியே வந்தபோது, தங்கலை வெட்டி மிச்சம் பிடித்த இரண்டு நாளும் போயிருந்தன.

மலை வழியும் பெருவழியும் கூடுகிற இடத்தில் ஒரு புளியந்தோப்பு உண்டு. உச்சி வெயிலில் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். நிழலில் மருதவனின் வண்டிகள் நின்றன. மாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. வேறு யாருடைய சரக்கையோ ஏற்றிக்கொண்டு, சுற்றுவழியில், மத்தியானமெல்லாம் ஓய்வெடுத்துக்கொண்டு அவன் அங்கே வந்திருந்தான்.

மருதவன் பொதிமாடுகளைப் பார்த்தான். திருமேனியைப் பார்த்தான். கேலி செய்யவில்லை.

"செட்டியாரே, ரெண்டு வண்டி காலியா வருது. மூட்டையை ஏத்துங்க. அன்னிக்குக் கேட்ட கூலிதான், கூட ஒண்ணும் வேண்டாம். காத்து மாறப்போகுது."

கேளுங்கள், இங்கேதான் கதை நிற்கிறது. சரி என்று ஒரு சொல் போதும். சுக்கு கரை சேரும், சேந்தன் வீடு சேருவான். அது திருமேனிக்கும் தெரியும். ஆனால் அவனுக்குள்ளே இருந்த பழைய கூடைக்காரன் விழித்துக்கொண்டான். காலி வண்டியை வைத்துக்கொண்டு இவனாகவே வந்து கேட்கிறான் என்றால் இவனுக்குத்தான் முடை. முடை உள்ளவனிடம் குறைக்காவிட்டால் எவனிடம் குறைப்பது?

"காலியா போற வண்டிக்கு முழுக் கூலியா? பாதிக்கு ஏத்து" என்றான்.

மருதவன் எழுந்தான், மாட்டைப் பூட்டினான். திருமேனி துண்டை உதறிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தான், கூப்பிடுவான் என்று. சக்கரச் சத்தம்தான் கேட்டது. அது தூரத் தூரப் போனது.

அதற்குப் பிறகு நடந்ததை நீட்டிச் சொல்ல எனக்கு மனம் இல்லை. முதல் மாடு ஓர் ஓடைக்கரையில் முன்னங்காலை மடித்தது. எழவில்லை. அதன் பொதியைப் பிரித்து மற்ற மாடுகளின் மேல் போட்டார்கள். அதனால் இரண்டாவது மாடு விழுந்தது. அதனால் மூன்றாவது. மூன்றாவது மாடு கூத்தாண்டி கன்றிலிருந்து வளர்த்தது. அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்துவிட்டான். திருமேனி வந்து, முடியாததை ஏன் ஒத்துக்கொண்டாய், துரோகி என்று அவனை உலுக்கினான்.

கூத்தாண்டி நிமிர்ந்து பார்த்தான். "முடியாதுன்னு சொல்லத் தெரியாமலா செட்டியாரே? சொன்னா நீங்க வேற ஆள் பார்ப்பீங்க. வீட்ல அடுப்பெரிஞ்சு நாளாச்சு. அதான் தலையாட்டினேன்" என்றான். பிறகு ஒரு மூட்டையைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தான். திருமேனியும் ஒரு மூட்டையைத் தூக்கினான். பல வருடத்துக்குப் பிறகு அவன் தலையில் சுமை ஏறியது. கழுத்து நரம்பு புடைத்தது. கூலி எதற்குக் கேட்கிறார்கள் என்று அவன் கழுத்துக்கு மறந்து போயிருந்தது, இப்போது தெரிந்தது.

கிழக்கு நோக்கி நடந்தவர்களின் இடது கன்னத்தில் ஒரு காலை குளிர்ந்த காற்று பட்டது. வாடை.

திருமேனி மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினான். மணலில் விழுந்தான், எழுந்து ஓடினான். கீழைத்துறைக்கு அவன் வந்து சேர்ந்தபோது கடலில் ஒரு பாய் தெரிந்தது. உள்ளங்கை அளவு இருந்தது. பிறகு நகத்தளவு ஆனது. பிறகு கடல் மட்டும் இருந்தது.

கப்பலை ஏன் நிறுத்தி வைக்கவில்லை என்று திட்டி, அவன் பண்டகசாலைத் தலைவரின் மேலாடையைப் பிடித்து இழுத்தான். அவர் கையை மெல்ல விடுவித்தார். அவருக்குக் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. காற்று என் வேலையாள் இல்லை, நில் என்று நான் சொன்னால் நிற்பதற்கு என்றார். கடலில் நேற்றே எழுந்துவிட்டது காற்று, ஒரு நாள் அதிகமாகவே மாலுமியை நிறுத்தி வைத்தேன், அதுவும் அந்த வண்டிக்காரன் என் காலில் விழுந்ததால் என்று கையைக் காட்டினார்.

மருதவன் கடற்கரையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். திருமேனி அவன்மேல் பாய்ந்தான். அன்றைக்கு என்னைக் கட்டாயப்படுத்தி மூட்டையை ஏற்றியிருக்கக் கூடாதா, உனக்கு ஈரம் இல்லையா என்று கேட்டான். தலைவரைத் திட்டியாயிற்று, கூத்தாண்டியைத் திட்டியாயிற்று, இவனையும் திட்டியாயிற்று. இனி திட்ட ஆள் இல்லை.

"பையன் என்ன சொன்னான்?" என்று கடைசியில் கேட்டான்.

மருதவன் வாளியைக் கீழே வைத்தான். "கப்பல்ல ஏத்துற வரைக்கும் சிரிச்சுட்டுத்தான் இருந்தான். எங்க அத்தான் வந்துருவாரு, வழியில எவன்கிட்டயோ பேரம் பேசிட்டு இருப்பாருன்னு எல்லார்கிட்டயும் சொன்னான். ஏணியில ஏறினப்புறம் சிரிக்கலை."

மாலையில் கூத்தாண்டி மிச்ச மாடுகளோடு வந்து சேர்ந்தான். சுக்கு மூட்டையில் ஒன்றுகூட நனையவில்லை. தலைவர் ஒரு துண்டை எடுத்து ஒடித்துப் பார்த்தார். முதல் தரம், உள்ளே வையுங்கள், அடுத்த பருவத்தில் ஏற்றலாம் என்றார். சுக்குக்கு ஒரு விலை சொன்னார். திருமேனி அதற்குத் தலையாட்டினான்.

தனியாக வீட்டுக்குப் போனான். நங்கை அவன் பின்னால் வாசலைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் அவனோடு பேசவே இல்லை.

அதன் பிறகு ஒவ்வொரு பருவத்திலும், தெற்கே போன கப்பல்கள் திரும்பும்போது, திருமேனி கீழைத்துறைக் கரையில் நிற்பான். மடியில் வீட்டுப் பொன் முழுவதும் இருக்கும். இறங்குகிற மாலுமிகள் ஒவ்வொருவரிடமும் சேந்தன் என்று ஒருவனை எங்கே விற்றீர்கள், யார் வாங்கினார்கள் என்று கேட்பான். என்ன விலையானாலும் சொல்லுங்கள், நான் குறைத்துக் கேட்கமாட்டேன் என்பான். கேட்ட விலையைக் கொடுக்க அவன் அப்போது தயார். விலை சொல்லத்தான் ஆள் இல்லை.

விற்கிறவனிடம் பேரம் பேசு, வாங்குகிறவனிடம் பேரம் பேசு, ஆனால் உன் சுமையைத் தூக்கிக்கொண்டு போகிறவன் கூலியில் நீ எதை வெட்டினாலும் அது உன் தலையில்தான் வந்து விழும்.