தணிகாசலம் போட்ட சத்தம்

பொக்லைன் உறுமிக்கொண்டே நின்றது. மரங்களுக்கு முன்னால் அதை மறித்து நின்ற ஊர்ச்சனத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"இது காடே இல்லை, வெறும் புதர்" என்று தாசில்தாரிடம் சாதித்தார், மனை போட வந்த தணிகாசலம். "காடுன்னு நிரூபிச்சா வண்டியைத் திருப்பிடுறேன்."

ஆடு மேய்க்கும் மாடத்தி முன்னால் வந்தாள்.

"புதர்தானே முதலாளி? தனியா உள்ள போயிட்டு வாங்க. நாங்க விலகிக்கிடுதோம்."

தணிகாசலம் மிடுக்காக நுழைந்தார். ஒரு மணி நேரமாகியும் ஆளைக் காணோம். கடைசியில் உள்ளேயிருந்து கூப்பாடு கேட்டது.

"எங்கே இருக்கீங்க?" என்று சத்தம் கொடுத்தார் தாசில்தார்.

"நடுக்காட்டுல மாட்டிக்கிட்டேன் சார், வழி தெரியலை."

"ஐயா, அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கிடுங்க" என்றாள் மாடத்தி.

தாசில்தார் எழுதினார். பொக்லைன் திரும்பிப் போனது. அதற்குப் பிறகுதான் மாடத்தி முதலாளியைத் தேடிப் போனாள்.