ஜெரோமின் காலடியில் ஒரு கீறல்

அந்தக் காலத்தில், விலங்குகள் நம்மோடு வாய்விட்டுப் பேசித் திரிந்த நாளில், ஜெர்மானிய நகரம் ஒன்றில் யோர்க் என்ற சித்திரக்காரர் இருந்தார். செப்புத் தகட்டில் புனிதர்களின் உருவத்தை உளியால் செதுக்கி, மை தடவி, தாளில் அழுத்திப் படமாக எடுப்பது அவர் தொழில். அந்தப் படங்களில் இடம்பிடிக்க விலங்குகளுக்குள் அடிதடி. தூய ஆவிக்கு நான் அடையாளம் என்று புறா வரும். இயேசுவுக்கு நான் என்று ஆட்டுக்குட்டி வரும்.

யோர்க் வீட்டு நாய் வால்டிக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது.

"ஐயா, புனித ஜெரோம் படத்தில் அவர் மடியில் எனக்கு ஓர் இடம் கொடுங்கள்."

"மடியா? ஏன், தலைமேல் ஏறிக்கொள்ளேன்!"

"சரி, காலடியில்."

"அங்கே அவர் முள் எடுத்துவிட்ட சிங்கம் இருக்கிறது."

"கதவோரம்? வால் மட்டுமாவது?"

"நீ எதற்கடா அடையாளம்? ஒரு நிமிஷம் சும்மா இருந்திருக்கிறாயா?"

படத்துக்காக அசையாமல் உட்கார்ந்திருந்த சிங்கம் சிரித்தது. "எச்சில் எலும்புக்கு அடையாளம் என்று போடுங்களேன்."

வால்டிக்கு ரத்தம் கொதித்தது. சிங்கம் என்றும் பாராமல் பாய்ந்தது. மேசைக்கால் இடறியது, யோர்க் கையிலிருந்த உளி தகட்டில் வழுக்கியது. ஜெரோமின் காலடியில் நீளமாக ஒரு கீறல். செம்பில் விழுந்த கோட்டை யார் அழிப்பது? எட்டு மாத உழைப்பு. சாயங்காலம் படத்தை வாங்க மடத்திலிருந்து துறவி வருகிறார்.

யோர்க் கத்தவில்லை. கதவைத் திறந்துவிட்டு, "போய்விடு" என்றார். கத்தியிருந்தால்கூட வால்டி தாங்கியிருக்கும்.

அது போகவில்லை. தகட்டை எட்டிப் பார்த்தது. "ஐயா, கீறல் என் முதுகு மாதிரியேதான் வளைந்திருக்கிறது. என்னை அங்கே படுக்கவைத்துச் செதுக்குங்கள். மறைந்துவிடும்."

"நீ? அசையாமல்?"

"நீங்கள் போதும் என்கிறவரை."

யோர்க் உளியை எடுத்தார். "முகத்தை இடப்பக்கம் வை. ஐயையோ, அச்சில் எல்லாம் இடம் வலமாக மாறி விழுமே! திரும்பு. அட, ஜெரோமும் சேர்ந்துதானே மாறுவார்! மறுபடி சுற்று. இல்லை, பொறு... எப்படியாவது படுத்துத் தொலை!"

ஏன் என்று கேட்காமல் மூன்று முறை சுற்றிவிட்டு வால்டி படுத்தது. மூக்கில் ஈ ஊர்ந்தது. அடுப்படியில் கறி மணத்தது. சிங்கம் கொட்டாவி விட்டுக் கேலி செய்தது. வால்டியின் காது நுனிகூட ஆடவில்லை.

சாயங்காலம் துறவி படத்தைப் பார்த்தார். "சிங்கம் சரி. இந்த நாய் எதற்கு அடையாளம்?"

யோர்க் வால்டியைத் திரும்பிப் பார்த்தார். "விசுவாசத்துக்கு, சுவாமி."

அன்று முதல்தான் புனிதர்களின் காலடியில் நாய் நிம்மதியாகத் தூங்குகிறது. எந்த ஊர் நாயும் படுக்குமுன் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வருகிறது. எந்தப் பக்கம் முகம் வைப்பது என்று ஐயா இன்னும் முடிவாகச் சொல்லவில்லையாம்.