இன்னும் விடாத சொட்டு

இது நான் பார்த்ததில்லை. அந்த மடத்தில் சில காலம் சமையல் செய்த ராசாங்கம் என்பவர் என் சித்தப்பாவிடம் சொல்லி, சித்தப்பா என்னிடம் சொன்னது. இரண்டு பேருமே எதையும் கொஞ்சம் சேர்த்துச் சொல்கிறவர்கள். நான் சேர்க்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

கடலூர்ப் பக்கம் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே ஒரு சின்ன மடம். மதியம் யார் வந்தாலும் சோறு உண்டு. மடத்தைப் பார்த்துக்கொண்டவர் சபாபதி ஐயா. ஐயா என்றதும் தாடி நரைத்தவர் என்று நினைக்க வேண்டாம். அவருக்கு நாற்பது வயதுதான் இருக்கும். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த கலியபெருமாளுக்கு அறுபது தாண்டிவிட்டது. மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். சீடர் குருவை ‘ஐயா’ என்பார். குரு சீடரை ‘அண்ணே’ என்பார்.

கலியபெருமாளும் மனைவி அஞ்சலாட்சியும் மடத்திலேயே ஓர் அறையில் தங்கியிருந்தார்கள். அந்த வருஷம் ஐப்பசியில் அவர்களுடைய ஒரே மகன் பரிதி காய்ச்சல் என்று படுத்தான். எழுந்திருக்கவில்லை. கல்யாணம் ஆகாத பிள்ளை. அவன் பிறந்த நாளிலிருந்து பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: அம்மாவை உரித்து வைத்திருக்கிறான். அதே நெற்றி, அதே மூக்கு, சிரிக்காதபோதும் சிரிப்பதுபோல் ஒரு பக்கம் ஏறிய அதே உதடு.

பிள்ளைக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்த நாளிலிருந்து கலியபெருமாள் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. கோபம் ஒன்றும் இல்லை. அவள் தட்டு வைத்தால் தட்டைப் பார்ப்பார். பேசினால் அவள் கையைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வார். மற்ற நேரமெல்லாம் டேப்லெட்டில் படித்தார். செத்தவர்கள் எங்கே போகிறார்கள் என்று சொல்கிற புத்தகங்கள். ஒன்று முடிந்தால் அடுத்தது. அவர் அழுது யாரும் பார்த்ததில்லை.

பங்குனி வாக்கில் கண் எரிய ஆரம்பித்தது. மணல் விழுந்ததுபோல் உறுத்தியது. எழுத்து கலங்கித் தெரிந்தது. கலியபெருமாளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. படிக்க முடியாமல் போனால் கண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது?

குருவிடம் போனார்.

“ஐயா, படிச்சா கண்ணு எரியுது. படிக்காம இருக்க முடியல. நான் என்ன செய்யட்டும்?”

குரு ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று காத்திருந்தார். சபாபதி ஐயா கையை நீட்டி டேப்லெட்டை வாங்கினார். எழுத்தைப் பெரிதாக்கினார். வெளிச்சத்தைக் குறைத்தார்.

“ஒரு முழம் தள்ளிப் பிடிங்க. கண்ணுக்குக் கொஞ்சம் கீழ இருக்கட்டும். லைட்டை அணைச்சிட்டு இருட்டுல படிக்காதீங்க.”

“அவ்வளவுதானா ஐயா?”

“கண்ணு எரியுதுன்னுதானே கேட்டீங்க?”

சில நாள் தேவலையாக இருந்தது. மறுபடியும் எரிந்தது. மறுபடியும் போனார்.

“எங்க, எனக்கு எதிர்ல உட்கார்ந்து படிங்க, பாப்போம்” என்றார் குரு.

கலியபெருமாள் படித்தார். பக்கம் முடிந்ததும் குரு கேட்டார்.

“ஏன் அண்ணே இமைக்கவே மாட்டேங்கறீங்க?”

“அது தானா நடக்குறதுதானே ஐயா?”

“உங்களுக்கு நடக்கல.”

“தவறிடுமோன்னுதான்...”

“என்ன தவறிடும்?”

“பதிலு.”

“இமைச்சுப் படிங்க. ஓடாது” என்றார் குரு.

அன்றிலிருந்து கலியபெருமாள் நினைத்து நினைத்து இமைத்தார். ராசாங்கம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“அண்ணன் யாரைப் பார்த்துக் கண்ணடிக்கிறாரு? ஏம்மா, உங்க வீட்டுக்காரர கொஞ்சம் கவனிங்க!”

அஞ்சலாட்சி சிரித்துவிட்டாள். பல மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. கலியபெருமாளுக்கு அது காதில் விழுந்ததோடு சரி.

எரிச்சல் நிற்கவில்லை. மூன்றாம் முறை போனபோது குரு சொன்னார்: “நடுநடுவுல தலையைத் தூக்கி, தூரமா ஏதாச்சும் பாருங்க. கண்ணு கொஞ்சம் இளைப்பாறட்டும்.”

கலியபெருமாள் தன் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தலையைத் தூக்கினால் தூரத்தில் சவுக்கு மரங்கள் தெரியும். ஆனால் சவுக்குக்கும் அவருக்கும் நடுவில் அடுப்படித் தாழ்வாரம் இருந்தது. அங்கே அஞ்சலாட்சி முற்றத்தைப் பார்த்து உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

கலியபெருமாள் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் அந்த வழியாக வந்த குரு நின்றார்.

“சுவரு என்ன தூரம் அண்ணே?”

“கிட்டத்தான் ஐயா.”

“தூரமாப் பாக்கச் சொன்னேனே?”

கலியபெருமாள் டேப்லெட்டின் மேல் குனிந்துகொண்டார். குரு திரும்பித் தாழ்வாரத்தைப் பார்த்தார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. “கண் டாக்டர் ஒருத்தர பார்த்துட்டு வந்துடுங்க” என்று மட்டும் சொன்னார்.

டாக்டர் பார்த்துவிட்டு, கண் வறண்டு போயிருக்கிறது என்றார். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். கண்ணீர் மாதிரிதான், வேறொன்றும் இல்லை, பயப்படாமல் போடுங்கள் என்றார்.

“கண்ணீரக்கூட மெடிக்கல்ல விக்கிறானா!” என்றார் ராசாங்கம். “அண்ணே, இதையும் காசு குடுத்தா வாங்கணும்?”

மருந்தைக் கலியபெருமாள் தானே போட்டுக்கொண்டார். பாட்டில் முனை கிட்டே வரும்போதெல்லாம் கண் தானாக மூடிக்கொண்டது. சொட்டு இமைமேல் விழுந்து கன்னத்தில் ஓடியது. சோறு வாங்க வந்த ஒரு கிழவர் நின்று பார்த்துவிட்டு, “அழுவாத சாமி, எல்லாம் சரியாப்பூடும்” என்றார்.

“அழுவல. மருந்து” என்றார் கலியபெருமாள்.

பாட்டில் தீர்ந்தது. கண்ணுக்குள் எதுவும் போன மாதிரி இல்லை. புதுப் பாட்டிலோடு குருவிடம் போனார்.

“எனக்குப் போட வரல. நீங்களே போட்டுவிடுங்க ஐயா.”

“எனக்குக் கை நடுங்கும் அண்ணே.”

ராசாங்கம் அப்போது பக்கத்தில்தான் இருந்தார். குருவின் கை தினமும் அகல் விளக்குக்குச் சிந்தாமல் எண்ணெய் ஊற்றுகிற கை. அது நடுங்கி அவர் பார்த்ததில்லை.

குரு அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார்.

“அண்ணி! கொஞ்சம் இங்க வாங்க. அண்ணனுக்கு மருந்து விடணும்.”

“வெங்காயம் உரிச்ச கைங்க. கழுவிட்டு வரேன்.”

கலியபெருமாள் எழுந்துகொள்ளப் பார்த்தார். குரு அவர் தோளில் கை வைத்தார். அழுத்தவில்லை. வைத்தார், அவ்வளவுதான்.

அஞ்சலாட்சி சோப்புப் போட்டுக் கழுவி, முகர்ந்து பார்த்து, திரும்பப் போய் இன்னொரு தடவை கழுவிக்கொண்டு வந்தாள்.

“சாய்ஞ்சுக்குங்க.”

சாய்ந்துகொண்டார்.

“கண்ணைத் தொறங்க.”

“தொறந்துதான் இருக்கேன்.”

“எங்க தொறந்திருக்கீங்க? நானென்ன மொளகாப்பொடியா போடப் போறேன்?”

ஒரு கையில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அவர் இமைகளை மெல்லப் பிரித்தாள். சின்ன வயதில் பரிதிக்குக் கண்வலி வந்தபோது மருந்து விட்ட அதே பிடி. அவனும் இப்படித்தான் இறுக்க மூடிக்கொள்வான்.

இமை விலகியது. கண்ணுக்குப் போக வேறு இடம் இல்லை.

முதலில் நெற்றியைப் பார்த்தார். அப்புறம் மூக்கு. அப்புறம் ஒரு பக்கம் ஏறிய உதடு. பிள்ளை குனிந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா, ஆடாதீங்க என்று சொல்லப்போகிறவன் மாதிரி.

பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அந்த முகத்தில் அஞ்சலாட்சி தெரிந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. காதோரம் முழுக்க வெளுத்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்து வீங்கியிருந்தது. இது எப்போது நடந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

கலியபெருமாளின் கண் நிறைந்தது. நிறைந்து, ஓரத்தில் வழிந்து, காதுக்குள் இறங்கியது.

அஞ்சலாட்சி பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். மருந்து குறையாமல் அப்படியே இருந்தது.

“என்னங்க இது? நான் இன்னும் விடவே இல்லையே.”

குரு அங்கே இல்லை. ராசாங்கத்தையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அன்றைக்கு மிச்ச வெங்காயத்தைக் குருதான் உரித்தாராம்.

விளக்கு வைக்கும் நேரத்தில் கலியபெருமாள் வந்து நின்றார். கண் சிவந்து கிடந்தது. கையில் டேப்லெட் இல்லை.

“ஐயா, கண்ணுல தண்ணி ஊறிடுச்சு.”

“ம்.”

“அப்போ இனிமே மருந்து வேணாம்ல?”

“வேணும் அண்ணே.”

“எத்தனை நாளைக்கு?”

சபாபதி ஐயா திரியைத் தூண்டிவிட்டார்.

“பாட்டில் அண்ணிகிட்டயே இருக்கட்டும்” என்றார்.

இதைக் கேட்டபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பிறகு ஒரு கண் மருத்துவரிடம் விசாரித்தேன். அழுகையில் வரும் கண்ணீர் வேறு, கண்ணை எப்போதும் ஈரமாக வைத்திருக்கும் நீர் வேறு என்றார். அழுதுவிட்டால் வறண்ட கண் குணமாகிவிடாது. மருந்தைத் தினமும் விட்டுக்கொள்ளத்தான் வேண்டுமாம்.