சங்குக்கு ஏது கொடுக்கு?

அலை வந்து கோட்டை மதிலை நனைக்கும் கொற்றலைப்பட்டினத்தை முன்பு பவளவேந்தன் என்றொரு ராஜா ஆண்டான். நினைத்ததை நினைத்த கணமே செய்துவிடுகிறவன். ஒருநாள் மனம் குளிர்ந்து, கடலைப் பார்த்த மாடி வீட்டை மந்திரி இளநாகருக்குக் கொடுத்துவிட்டான்.

அன்றிலிருந்து அவைப்புலவர் மாறனாருக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் போனால் அந்த மாடியைப் பார்ப்பார். பார்த்தால் வயிறு எரியும். எரிந்தாலும் மறுநாள் அதே தெருவில்தான் போவார்.

கடைசியில் ராஜாவிடம் போய் நின்றார். "மகாராஜா, கடற்கரையில் ஓர் அதிசயம் கண்டேன். சங்குகூட ஒரே ஓட்டில் தங்குவதில்லை. பழையதை விட்டுப் புதியதில் புகுந்துகொள்கிறது. மந்திரியார் மட்டும் ஒரே வீட்டில் இருக்கலாமா? மாறி மாறி இருப்பதுதானே நியாயம்?"

"அட, ஆமாம்!" என்றான் ராஜா. "இளநாகரே, காலி செய்யும்."

"செய்கிறேன், அரசே. ஆனால் சங்கு வீடு மாறாது."

"என் கண்ணால் பார்த்தேன்! பொய்யென்றால் என் வீட்டைவிட்டே இறங்குகிறேன்" என்று மாறனார் மார்தட்டினார்.

மறுநாள் அகலமான அண்டாவில் மணலும் கடல்நீரும் நிரப்பி அவைக்குக் கொண்டுவந்தார் மந்திரி. உள்ளே ஒரே மாதிரி இரண்டு சங்குகள். பக்கத்தில் பளபளவென்று ஒரு வெற்று ஓடு.

"நீர் பார்த்த சங்கு எது, புலவரே?"

ஒன்று மணலில் பாதி புதைந்து சும்மா கிடந்தது. மற்றது குடுகுடுவென்று ஓடியது. "இதோ, இதுதான்!" என்றார் மாறனார். சொல்லி வாய் மூடுவதற்குள் அது பழைய ஓட்டிலிருந்து நழுவிப் புது ஓட்டுக்குள் புகுந்துகொண்டது.

"பார்த்தீர்களா!" மாறனார் குதித்தார். ராஜா ஆசையாய் அதைக் கையில் எடுத்தான்.

"ஐயோ, அம்மா!" விரலை உதறினான். "சங்குக்கு ஏது கொடுக்கு?"

"அது நண்டு, அரசே. வயிறு மெத்தென்று இருப்பதால் செத்த சங்கின் ஓட்டைத் தேடி ஒளிந்துகொள்ளும். இதைவிட நல்லது கண்டால் அதற்குத் தாவும். சங்கு இதோ." மந்திரி மற்றதை எடுத்துக் கவிழ்த்தார். ஒற்றைத் தசைக்கால் உள்ளே சுருங்க, வாயைக் கெட்டியான மூடி அடைத்தது. "இந்த ஓடு இதன் உடம்பிலிருந்து ஊறி வளர்ந்தது. சங்கு வளர வளர வாய் விளிம்பில் ஓடும் சேர்ந்து வளரும். உயிரோடு இதைப் பிரிக்க முடியாது."

ராஜா விரலைச் சூப்பியபடியே மாறனாரை முறைத்தான். "அடுத்தவன் வீட்டில் கண்வைத்து என் விரலைக் கடிக்க வைத்தீரே! சொன்னபடி வீட்டைவிட்டு இறங்கும். மந்திரியாரே, அந்த மாடி இனி உமக்கும் உம் பிள்ளைகளுக்கும்."

பொழுது சாய்வதற்குள் மாறனார் பாய், பானையோடு தெருவில் நின்றார். அவர் தலை நிமிரவே இல்லை. மந்திரிக்கு மனம் கேட்கவில்லை. "வாரும் ஐயா, என் வீட்டுக் கீழ்த்தளத்தில் இடம் இருக்கிறது" என்று அழைத்துப் போய், பக்கத்தில் இலை போட்டு உட்கார வைத்தார்.

மாறனாருக்குக் கண் கலங்கிவிட்டது. கும்பிட்டுவிட்டுச் சோற்றில் கைவைத்தார். வைத்தவர், மந்திரியின் இலையில் விழுந்த மீன்துண்டு தன்னுடையதைவிடப் பெரிதோ என்று ஓரக்கண்ணால் எட்டிப் பார்த்தார்.