கீபோர்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல

ஒரு கோர்ட்டு இருந்துச்சு. கோர்ட்டு இருந்தா எதிர்த்தாப்புல ஒரு டைப்பிங் கடை இருக்கும்ல, இருந்துச்சு. அந்தக் கடையில ஒரு பழைய கீபோர்டு. பட்டன நல்லா அமுக்கினாத்தான் எழுத்து விழும். அது போடுற சத்தத்துல பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் மத்தியானம் கண்ணசர முடியாது. அவருக்கு அதுல வருத்தம். டைப்பிங் கடை முதலாளி ஆவுடையப்பனுக்கு அதுல கொஞ்சம் சந்தோசம்.

அதுல டைப் அடிக்கிறவங்க ஜெசிந்தா. அவங்களுக்குக் கை நடுங்கும். இப்ப வர்ற தட்டையான கீபோர்டுல விரல் பட்டாலே எழுத்து விழுந்துரும். 'மனு'ன்னு அடிச்சா 'மமமனு'ன்னு வரும். படிக்கிறவங்க கட்சிக்காரருக்குக் குளிர் ஜுரம்னு நினைப்பாங்க. பழைய கீபோர்டு நடுக்கத்தக் கண்டுக்கிடாது.

ஒருநாள் கடையில இருந்த பழைய கம்ப்யூட்டர் செத்துப்போச்சு. புதுசு வந்துச்சு. கீபோர்டோட உருண்டை முனையச் சொருக அதுல ஓட்டையே இல்ல.

"ஜெசிந்தாம்மா, சாயங்காலம் வரைக்கும் பாப்போம்," ஆவுடையப்பன் சொன்னாரு. "ஒத்து வரலன்னா இத காயலாங்கடைக்குப் போட்டுட்டு, டைப் அடிக்க வேற ஆளத்தான் பாக்கணும். தப்பா நினைக்காதீங்க."

"நினைக்கிறத சாயங்காலம் நினைச்சுக்கிடுதேன் அண்ணாச்சி. முதல்ல மெக்கானிக்குக்குப் போன் போடுங்க."

மெக்கானிக் பீர் மைதீன் வந்தாரு. ஒரு பக்கம் உருண்டை, ஒரு பக்கம் தட்டைன்னு இருந்த ஒரு முனைய மாட்டுனாரு. ஒண்ணும் நடக்கல.

"நான் ரூபத்தத்தான் மாத்துவேன்," அந்த மாத்து முனை சொல்லுச்சு. "பேச்சுவார்த்தை என் டிபார்ட்மெண்ட் இல்ல."

பீர் அதக் கழட்டிட்டு, நடுவுல ஒரு குட்டி டப்பாவ மாட்டுனாரு. கீபோர்டு, கம்ப்யூட்டர் ரெண்டு பேரு பேசுறதும் புரியிற டப்பா அது.

"யாரு? என்ன வேலை?" கம்ப்யூட்டர் ஆரம்பிச்சுது. "சொல்ல ஏதாச்சும் இருக்கா? இப்ப? இப்பவாச்சும்?"

டப்பா அத அப்படியே கீபோர்டுகிட்ட சொல்லுச்சு.

"அவன் பிறக்குறதுக்கு முன்னாடியே நான் வேலைக்கு வந்தவன்," கீபோர்டு சீறுச்சு. "சொல்ல இருந்தா நானே சொல்லுவேன். சும்மா நச்சரிக்காம இருக்கச் சொல்லும்வே!"

நேர்மையான டப்பா. அதையும் அப்படியே கொண்டுபோய்ச் சொல்லுச்சு.

"நான் கேக்காம இங்க யாரும் வாயத் தொறக்கக் கூடாது," கம்ப்யூட்டர் சொல்லுச்சு. "இந்த மவுஸப் பாரு. கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு எவ்வளவு அடக்கமா இருக்கு! அந்த ஆளு எனக்கு வேண்டாம்."

ஜெசிந்தா டொக்கு டொக்குன்னு அமுக்குனாங்க. சத்தம் வந்துச்சு, எழுத்து வரல. ஆவுடையப்பன் காயலாங்கடை நம்பரத் தேட ஆரம்பிச்சாரு.

"பாய், இன்னொரு தடவ பாருங்களேன்," ஜெசிந்தா பீர்கிட்ட கேட்டாங்க.

"கழட்டித் திருப்பி மாட்டுறேன்க்கா. எனக்கு மிச்சம் இருக்கிற வித்தை அதுதான்."

மறுபடி மாட்டுறதுக்குள்ள டப்பா யோசிச்சுது. 'ரெண்டு பேரு சொன்னதையும் ஒண்ணு விடாமக் கொண்டுபோனேன். அதான் தப்பு.'

"யாரு?" கம்ப்யூட்டர் கேட்டுச்சு.

"கீபோர்டு சார்," டப்பாவே பதில் சொல்லுச்சு. "எழுத்து வேலை."

"ஏதாச்சும் இருக்கா?"

"இல்லைங்க சார்."

"இப்ப?"

"இல்லைங்க சார்."

சலிக்காம சொல்லிக்கிட்டே இருந்துச்சு. கீபோர்டு காதுக்கு ஒரு கேள்வியும் போகல. அந்நேரம் ஜெசிந்தா ஒரு பட்டன அமுக்குனாங்க.

"ம!"ன்னு கத்துச்சு கீபோர்டு.

டப்பா அதக் கையில வாங்கி வச்சுக்கிட்டு, "இப்ப?"ன்னு அந்தப் பக்கம் கேட்டதும் பதமா நீட்டுச்சு.

"'ம' வந்திருக்கு சார்."

திரையில 'ம' விழுந்துச்சு. ஒரே ஒரு 'ம'. அடுத்து 'னு'.

ஜெசிந்தா சேலைத் தலைப்பால முகத்தத் துடைச்சுக்கிட்டாங்க. "அண்ணாச்சி, யாரு மனு முதல்ல?"

ஆவுடையப்பன் கையில இருந்த போனச் சட்டைப் பையில போட்டாரு. "அந்த அண்ணன் தம்பி வழக்க எடுங்கம்மா. காலையிலருந்து ஆளுக்கொரு பெஞ்சுல உக்காந்திருக்காங்க."

டொக்கு டொக்கு சத்தத்துல பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எந்திரிச்சு உக்காந்தாரு.

கடை அடைக்கிற நேரம் கம்ப்யூட்டர் டப்பாகிட்ட சொல்லுச்சு: "அந்தப் பெரியவரு ரொம்பப் பணிவுய்யா. எத்தனை தடவ கேட்டாலும் சலிக்காமப் பதில் சொல்லுறாரு."

இந்தப் பக்கம் கீபோர்டு சொல்லுச்சு: "அந்தப் பய திருந்திட்டான்வே. இன்னைக்கு முழுக்க ஒரு கேள்வி கேக்கல."

டப்பா ரெண்டு பேருக்கும் ஒரே பதிலத்தான் சொல்லுச்சு.

"தங்கமான ஆளு."