சுண்ணாம்புப் படிக்கட்டு

ஞானிகளுக்குக் கோபம் வராது என்றொரு நம்பிக்கை நாடு முழுவதும் பரவியிருக்கிறது. இப்படியே விட்டால் பொது அமைதிக்கு ஆபத்து என்பதால் உடனே திருத்த வேண்டியிருக்கிறது. ஞானிகளுக்குக் கோபம் வரும். ஊர்க்கோடி மடத்துச் சாமியாருக்கு நாள் தவறாமல் வந்தது.

ஆனால் அன்று அவரை மிஞ்சிய கோபத்தோடு வந்தவர் சீடர் வேதரத்தினம். குருவைவிடப் பத்து வயது மூத்தவர். அரசாங்கத்துக்கு வீடு கட்டும் பொறியாளர். புயலில் குடிசை இழந்த குடும்பங்கள் இரண்டு வருடமாகத் தகரக் கொட்டகையில் கிடக்கின்றன. போன வாரம் வெக்கை தாங்காமல் அங்கே ஒரு கிழவர் செத்துப்போனார். நாலு மாடிக் குடியிருப்புக்கு நிலமும் தயார், வரைபடமும் தயார். கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டால் மட்டும் பக்கத்துக் காலனிக்காரர்கள் வந்து உட்கார்ந்துகொண்டு, காற்று அடைபடும், திருட்டு பெருகும் என்று பேசியே ஒத்திவைக்கச் செய்துவிடுகிறார்கள்.

“யாரையும் கேட்காமலே கட்டலாம்னு மேலேருந்து உத்தரவு வந்திருக்கு சாமி. கையெழுத்துப் போடப்போறேன். கேட்டுக் கேட்டு ஒரு உசிரு போனதுதான் மிச்சம்.”

“கொட்டகைக்காரங்க என்ன சொன்னாங்க?”

அவர்கள் வரவில்லை என்றார் வேதரத்தினம். கூட்டம் எப்போதும் வேலைநாளில், காலை பதினொரு மணிக்கு, தாலுகா அலுவலகத்தில். அந்நேரம் அவர்கள் கூலிவேலையில் இருப்பார்கள்.

“குடியிருக்கப்போறவங்களை நீ இன்னும் கேட்கவே இல்லை. ஆரம்பிக்காத கேள்வியை எப்படிய்யா நிறுத்துவே?”

வேதரத்தினத்துக்குச் சுருக்கென்றது. பதில் சொல்லுமுன், “போய் அவங்க முன்னாடி தரையில வரைஞ்சு காட்டு” என்று சாமியார் சுண்ணாம்புத் தூள் மூட்டையை அவர் தோளில் ஏற்றிவிட்டார்.

மாலையில் குடியிருப்புக்கான காலி மனையில் வேதரத்தினம் தன் வரைபடத்தை நிஜ அளவில் தரையில் சுண்ணாம்புக் கோடாக இழுத்தார். வேலை முடிந்து திரும்பிய கொட்டகைக்காரர்கள் கூடினார்கள். யாரும் கோட்டை மிதிக்கவில்லை. வாசலுக்கு விட்ட இடைவெளி வழியாகவே உள்ளே போய் வந்தார்கள். அது அவருக்குப் பெருமையாக இருந்தது.

செத்துப்போன கிழவரின் மனைவி பவளக்கொடி மட்டும் படிக்கட்டுக் கோடுகளுக்கு நடுவே நின்றிருந்தாள்.

“இது வழியா பாடை இறங்குமா சார்?”

நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் என்ன பேச்சு என்று நாலைந்து பேர் அவளை அதட்டினார்கள். சாமியார் அவர்களை அதட்டினார். ஓர் ஏணியைக் கொண்டுவரச் சொல்லி அதில் மல்லாந்து படுத்தார்.

“நாலாவது மாடியில செத்துட்டேன். கட்டித் தூக்குங்க.”

மூன்று பேர்தான் வந்தார்கள். வேடிக்கை பார்க்க நின்றிருந்த காலனிச் சங்கச் செயலாளர் ராமபத்திரனைச் சாமியார் விரலை ஆட்டிக் கூப்பிட்டார். தனக்கு இந்தத் திட்டத்தில் ஆட்சேபணை இருக்கிறது என்றார் அவர்.

“தூக்கிக்கிட்டே சொல்லும்.”

தூக்கினார். காற்றையும் திருட்டையும் ஏணிக்கு அடியிலிருந்து சொல்ல முடியாதோ என்னவோ, குடியிருப்பின் சாக்கடை தங்கள் தெருவில் வந்து தேங்கும் என்று மட்டும் சொன்னார். அது உண்மை. வேதரத்தினத்துக்கும் தெரியும்.

படிக்கட்டின் முதல் திருப்பத்திலேயே ஏணி திரும்பவில்லை. இப்படிச் சாய்த்தார்கள், அப்படி வளைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் கால் சுவர்க்கோட்டுக்கு வெளியே போயிற்று. கடைசியில் ஏணியை நிமிர்த்தினார்கள். சாமியார் செங்குத்தாகத் தொங்கினார். எல்லாரும் சிரித்தார்கள்.

பவளக்கொடி சிரிக்கவில்லை. “செத்த மனுசனை நிக்க வெச்சா சார் கொண்டுபோறது?”

சிரிப்பு நின்றது. தன் படத்தில் படிக்கட்டு எவ்வளவு அழகாக இருந்தது என்று வேதரத்தினம் நினைத்துப் பார்த்தார். பிறகு கோபம் வந்தது. இந்த முறை யார்மேல் என்று அவருக்கே தெரியவில்லை.

“மழைக்கு முன்னாடி கட்டியாகணும் சாமி. இப்பச் சொல்லுங்க, அந்த உத்தரவுல கையெழுத்துப் போடவா, வேணாமா?”

தொங்கியபடியே சாமியார் அவரை முறைத்தார்.

“முதல்ல என்னைக் கீழே இறக்குய்யா.”

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை கருத்துக்கேட்புக் கூட்டம் மனையிலேயே நடந்து, இருட்டுமுன் முடிந்தது. மறுவாரம் அஸ்திவாரம் தோண்டினார்கள். வரைபடத்தில் படிக்கட்டுத் திருப்பத்தின் அகலம் இரண்டடி கூடியிருந்தது, சாக்கடை காலனித் தெருவை விட்டு விலகியிருந்தது. ராமபத்திரனுக்குத் தோள்வலி தீரச் சில நாள் பிடித்தது.