சித்தம் கலங்கியவர் யாரென்று அளந்த கதை

ரொம்ப காலத்துக்கு முன்னால் வேங்கைநாடு என்றொரு நாட்டை விசயவர்த்தனன் என்ற அரசன் ஆண்டு வந்தான். நல்ல மனுஷன்தான், ஆனால் காலையில் சொன்னது சாயங்காலம் அவனுக்கே நினைவிருக்காது. தினமும் கிரீடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னப்பா, இன்னைக்குக் கோபப்படலாமா, வேண்டாமா?" என்று அதனிடமே கேட்டுவிட்டுத்தான் தலையில் வைப்பான். சபைக்கே இது தெரியும். யார் வாயைத் திறப்பார்கள்?

ஒருநாள் அவனுக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. சித்தம் கலங்கியவர்களைத் தெருவில் அலையவிடாமல் வைத்துப் பார்க்க ஒரு வைத்திய மனை கட்டினான். கட்டி முடித்த பிறகுதான், அதில் யாரைச் சேர்ப்பது என்று சட்டத்தில் எழுதவே இல்லை என்பது தெரிந்தது.

"நான் எழுதுகிறேன் அரசே" என்று எழுந்தார் சபை மண்டபத்தைக் கவனிக்கும் மண்டபாதிகாரி கேசரிநாதர். அமைச்சர் ஆதிரையாருக்கு நல்ல பெயர் வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காத ஆள் அவர். மறுநாளே ஓலையோடு வந்து, அரசன் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நேரம் பார்த்து நீட்டினார். எண்ணெய்க் கையோடு அரசன் முத்திரை வைத்துவிட்டான்.

ஓலையில் மூன்று அடையாளங்கள் இருந்தன. பதில் பேசாத பொருளோடு பேசுவது ஒன்று. நல்லது வலிய வந்தாலும் வேண்டாம் என்பது இரண்டு. 'எனக்கு ஒன்றுமில்லை' என்று சாதிப்பது மூன்று. மூன்றும் உள்ளவர் சித்தம் கலங்கியவர், அவருடைய சொத்தை மண்டபாதிகாரி பார்த்துக்கொள்வார்.

அந்தக் கடைசி வரிக்குத்தான் மனுஷன் இவ்வளவு பாடுபட்டார். அவர் மாளிகைக்குப் பக்கத்தில் செங்கமலம் என்பவளுக்கு ஒரு தாமரைக்குளம் இருந்தது. அதில் அன்னப் படகு விட வேண்டுமென்று கேசரிநாதருக்கு ஆசை. எவ்வளவு தருவதாகச் சொன்னாலும் அவள் விற்கவில்லை.

சட்டம் வந்த மூன்றாம் நாள் செங்கமலத்தைச் சபைக்குக் கொண்டுவந்தார்கள். பூப் பறித்துக்கொண்டிருந்தவளை அப்படியே கூட்டி வந்ததால் சேலையில் சேறு காயவில்லை.

"பூவோடு பேசுகிறாள் அரசே. பொன் கொடுத்தேன், வேண்டாம் என்றாள். கேட்டால் தனக்கு ஒன்றுமில்லை என்கிறாள். மூன்றும் சரி" என்றார் கேசரிநாதர்.

"எனக்கு என்ன ராசா? நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் அவள். பாவம், குளமும் போய், மனைக்குள்ளும் அடைபட்டால் அவள் என்ன செய்வாள்?

"பார்த்தீர்களா, மறுபடியும் சொல்கிறாள்" என்று கேசரிநாதர் பூரித்தார்.

ஆதிரையார் மெல்ல எழுந்தார். "சட்டம் சட்டம்தான். ஆனால் நம் நாட்டு வழக்கம் ஒன்று உண்டு. புது மரக்கால் செய்தால் முதலில் அரண்மனை நெல்லை அளந்து பார்த்துவிட்டுத்தான் கடைத்தெருவுக்கு அனுப்புவோம். இதுவும் ஓர் அளவுதானே?"

"அளந்து பாருங்கள், எனக்கென்ன பயம்" என்றான் அரசன்.

"இன்று காலை கிரீடம் என்ன பதில் சொன்னது அரசே?"

சபையில் இருமல் சத்தம் கேட்டது. அரசன் மீசையைத் தடவினான்.

"நேற்று, இதோ இங்கே இருக்கும் மகாராணியார் ஆசையாகப் பாகற்காய்க் குழம்பு வைத்தார்கள். உடம்புக்கு எவ்வளவு நல்லது. தாங்கள் என்ன சொன்னீர்கள்?"

"வேண்டாம் என்றேன். அதற்காக? எனக்கு ஒன்றுமில்லையே" என்றான் அரசன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான்.

"மூன்றும் சரி. மனையில் காற்று நன்றாக வருகிற அறையாகப் பார்த்து ஒதுக்கச் சொல்கிறேன். கிரீடத்தை மண்டபாதிகாரி பார்த்துக்கொள்வார்" என்றார் ஆதிரையார்.

கேசரிநாதர் அவசரமாக எழுந்தார். "அரசருக்கு விலக்கு உண்டு என்று ஒரு வரி சேர்த்துவிடலாம்" என்று குழறினார்.

"அரண்மனையில் தப்பாக அளக்கிற மரக்கால் கடைத்தெருவில் மட்டும் சரியாக அளக்குமோ?"

அரசன் முகம் சிவந்தது. பிறகு என்ன நினைத்தானோ, குலுங்கக் குலுங்கச் சிரித்தான். "சரி, நீர் எப்படி எழுதுவீர், சொல்லும்."

ஆதிரையார் செங்கமலத்திடம் திரும்பினார். "அம்மா, குளத்தைக் கொடுத்தால் என்ன ஆகும், கொடுக்காவிட்டால் என்ன ஆகும்?"

"கொடுத்தா கை நிறைய பொன் வரும். ரெண்டு வருசத்துல கரைஞ்சுடும். கொடுக்கலேன்னா தினம் பூ வரும், இந்த ஐயாவோட முறைப்பும் வரும். முறைப்பைத் தாங்கிக்கலாம். கொடுக்க மாட்டேன்."

"கேட்டதைப் புரிந்துகொண்டாள், இரண்டு பக்கமும் எடை போட்டாள், முடிவை வாய்விட்டுச் சொன்னாள். இந்த மூன்றும் உள்ளவர் சொல்லே செல்லும் என்று எழுதுவேன் அரசே. சித்தக் கலக்கமும் காய்ச்சல் போல ஒரு நோய்தான். அதை வைத்தியர் பார்த்துச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை என்பது நோய் ஆகாது. இவளை எந்த வைத்தியர் பார்த்தார்?"

கேசரிநாதர் பக்கத்துத் தூண் மறைவுக்கு நகர்ந்தார்.

"நோய் முற்றி, முடிவு சொல்லவே முடியாமல் போனால்?" என்று கேட்டான் அரசன்.

"தெளிவாக இருக்கும்போதே, எனக்காக இன்னார் பேசட்டும் என்று அவரவர் ஒரு பெயர் எழுதி வைக்கட்டும்."

பழைய ஓலை அடுப்புக்குப் போனது. கேசரிநாதர் தினமும் மனை வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களை "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டு, சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருக்க வேண்டும் என்று தீர்ப்பானது. அவருக்குச் சவுக்கடியே தேவலை என்றிருந்தது.

புது ஓலையில், தனக்காகப் பேசுகிறவர் பெயரை முதலில் அரசனே எழுத வேண்டும் என்றார்கள். ஆளாளுக்கு முன்வரிசைக்கு நகர்ந்தார்கள். அரசன் எல்லா முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, 'செங்கமலம்' என்று எழுதினான்.

"இவர்கள் எல்லாரும் யார் எதைக் கேட்டாலும் தலையாட்டுவார்கள். முடியாது என்று சொல்ல இந்தச் சபையில் இவள் ஒருத்திதான் இருக்கிறாள்" என்றான்.

செங்கமலம் கொஞ்சம் யோசித்தாள்.

"சரி ராசா, உங்களுக்காக நான் பேசுறேன். ஆனா பாகற்காய்க் குழம்புக்கு மட்டும் வேணும்னுதான் சொல்லுவேன்."

மகாராணி இருந்த பக்கத்திலிருந்துதான் முதல் சிரிப்பு கேட்டது.